பார்வையாளர் நாற்காலி

"எல்லாம் புரிஞ்சுது மேடம். பாத்ரூம் எங்கன்னு மட்டும் சொல்லல."

டாக்டர் ஜெரால்ட் இப்படிக் கேட்டதும் டாக்டர் அலர்மேல்மங்கை சட்டென்று வாசலை மறித்து நின்றார். மறிக்காமல் என்ன செய்வார்? இவனுக்கு முன்னால் ராத்திரி டூட்டிக்கு வந்த மூன்று டாக்டர்களும் முதல் நாளே "பாத்ரூம் போயிட்டு வரேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தான். ஒருத்தராவது திரும்பி வந்திருக்க வேண்டுமே! கடைசியாகப் போன புண்ணியவான் ஸ்டெதஸ்கோப்பைக் கூட எடுத்துப் போகவில்லை. அது இன்னும் மேஜை ஓரத்தில் அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்ரூம் எங்கயும் ஓடிப் போகாது. நீங்களும் ஓடிப் போகப்படாது," என்றார் அலர்மேல்மங்கை. "நாலாவது ஆளும் போயிட்டா, ராத்திரி அவசரப் பிரிவையே இழுத்து மூடிடறதுன்னு மேலிடத்துல முடிவு பண்ணிட்டா. அப்புறம் சிப்காட்ல ஒருத்தன் கையை மெஷின்ல விட்டுண்டாலும் மெட்ராசுக்குத்தான் தூக்கிண்டு ஓடணும். தெரியறதோ?"

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டியிருந்த அந்த மருத்துவமனைக்கு அவர்தான் பயிற்சிப் பொறுப்பாளர். புது டாக்டர்களுக்கு ஊரையும் வேலையையும் பழக்கிவிடுகிற ஓரியண்டேஷன் என்ற சமாச்சாரம் அவர் தலையில்தான். இதுவரை நடந்த ஓரியண்டேஷனில் நாள் முழுக்கப் படம் போட்டுக் காட்டினார்கள். மருத்துவமனை பிறந்த வரலாறு, தீயணைப்பான் வகைகள், கை கழுவும் முறை என்று ஒன்றையும் விடவில்லை. மூன்று டாக்டர்களும் பொறுமையாகப் பார்த்தார்கள். பிறகு ராத்திரியில் கை கழுவிவிட்டுப் போய்விட்டார்கள்.

அதனால்தான் அலர்மேல்மங்கை மூளையைக் கசக்கி ஒரு புதுத் திட்டம் கண்டுபிடித்திருந்தார்.

"இங்க பாருங்கோ," என்று அவசரப் பிரிவின் மூலையைக் காட்டினார்.

அங்கே ஒரு மெத்தை நாற்காலி போட்டிருந்தது. அதன் முதுகில் 'பார்வையாளர்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்.

"அப்சர்வர். ஆபீஸ்ல தமிழ்ல போட்டுக் குடுத்தா. முதல் நாள் ராத்திரி பூரா ஒரு சீனியர் அதுல உட்கார்ந்து உங்களைப் பார்த்துண்டே இருப்பார். ஆனா வாயைத் திறக்க மாட்டார். பக்கத்துல இருந்து சொல்லிண்டே இருந்தா உங்க மூளை எப்ப வேலை செய்யறது? வெறும் தலையாட்டல்தான்."

"தலையாட்டலா?"

"நீங்க பண்றது சரின்னா மேலயும் கீழயும். தப்புன்னா பக்கவாட்டுல. உசிருக்கு ஆபத்துன்னா மட்டும் எழுந்து வருவார். அவர் எழுந்துக்கலைன்னா நீங்க சரியான வழியில போறேள்னு அர்த்தம்."

"யாரு மேடம் அவரு?"

"டாக்டர் நாராயண். திருவள்ளூர் கிளைக்குப் புதுசா வந்திருக்கார். இங்க யாரும் இன்னும் பார்த்ததில்லை. பெரிய ஞானி! பொன்னேரில ஒரு ரிசப்ஷன், தலையைக் காட்டிட்டு நேரா இங்க வந்துடறேன்னார். அவரே வாய் திறந்தாலும் நீங்க விடப்படாது. பேசிட்டார்னா என் திட்டமே பாழ். போனைக் குடுங்கோ, லாக்கர்ல வைக்கறேன். சும்மா சும்மா கூகுளைக் கேட்கப்படாது."

போனைப் பூட்டிச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு அலர்மேல்மங்கை திருவள்ளூருக்குக் காரில் ஏறிவிட்டார்.

 ஜெரால்டின் மனசில் ஒரு ரகசியம் இருந்தது. அவன் ஏற்கெனவே ஒரு தடவை ஓடியவன். சென்னையில் கிடைத்த முதல் வேலையில், முதல் ராத்திரியே, வாந்தியெடுத்த ஒரு கிழவருக்கும் வலிப்பு வந்த ஒரு பெண்ணுக்கும் நடுவில் யாரை முதலில் பார்ப்பதென்று தெரியாமல், கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சொந்த ஊரான சோழவரத்துக்கு பஸ் ஏறியவன். பிளாஸ்டிக் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு பார்த்து அவனைப் படிக்க வைத்த அவன் அம்மா மெர்சி, சர்ச்சில் கேட்டவர்களிடமெல்லாம் "புள்ள லீவுல வந்துகீறான்" என்று சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்துபோனாள். இன்றைக்குக் கிளம்பும்போது அவள் சொன்னது ஒன்றுதான்: "இந்த வாட்டியும் ஓடியாந்தீனா, அப்புறம் ஜென்மத்துக்கும் நீ ராத்திரி டூட்டி பாக்க மாட்டடா ஜெரால்டு."

அது அவனுக்கும் தெரியும். இருந்தாலும் அவன் பையைப் பிரிக்கவில்லை.

"துணிமணிய எடுத்து வெக்கலையா டாக்டர்?" என்று கேட்டாள் நர்ஸ் கிரேஸ்.

"காலைல வெச்சிக்கலாம் சிஸ்டர்."

"அவங்களும் இதேதான் சொன்னாங்க," என்றாள் கிரேஸ், தொங்கிக்கொண்டிருந்த ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்தபடி.

அந்த நேரத்தில்தான் வாசலில் அவர் வந்து நின்றார்.

வெள்ளை வெளேரென்று முழுக்கைச் சட்டை. தங்க பிரேம் கண்ணாடி. கையில் தேங்காய் துருத்திக்கொண்டிருக்கும் மஞ்சள் தாம்பூலப் பை. நெற்றியில் சந்தனம் காயவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார், நாற்காலியின் முதுகில் இருந்த எழுத்தைப் படித்தார், இங்கேதானா என்பதுபோல ஜெரால்டைப் பார்த்தார்.

"வாங்க சார், வாங்க! உங்களுக்குத்தான் போட்டிருக்கு, உட்காருங்க!"

அவர் உட்கார்ந்தார். பையைக் காலடியில் வைத்துவிட்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

ஜெரால்ட் பதறி இரண்டு கையையும் நீட்டினான். "வேணாம் சார்! ஒரு வார்த்தை பேசக்கூடாது! மேடம் எல்லாம் சொல்லிட்டாங்க. எல்லாம் முடிஞ்சதும் நானே சொல்றேன், அப்ப பேசுங்க."

பெரியவர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். தலை மட்டும் மெல்ல அசைந்தது.

"ரிசப்ஷன்லேர்ந்து நேரா வந்துக்கினாரு பாருங்க," என்று கிரேஸ் காதோரம் கிசுகிசுத்தாள். "இன்னா சிரத்த! பந்தில கூட ஒக்காந்திருக்க மாட்டாரு." அவள் ஓடிப் போய் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். எவ்வளவு அடக்கம்!

முதலில் வந்தவன் சரவணன். தகடு வெட்டும் கம்பெனியில் வேலை. விரலில் கர்ச்சீப் சுற்றி, கர்ச்சீப்பைத் தாண்டி ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் தச்சு உடுங்க டாக்டர். போய் ஷிப்ட முடிக்கணும். சூப்ரவைசரு பேஜாரு பண்றான்."

இதிலென்ன இருக்கிறது, நாலு தையல். ஜெரால்ட் ஊசியைக் கையில் எடுத்தான். எடுத்துவிட்டு மூலையைப் பார்த்தான்.

பெரியவரின் தலை ஆடியது. மேலும் கீழுமா, பக்கவாட்டிலா? அங்கேதான் சிக்கல். நம் ஊர்த் தலையாட்டல் இருக்கிறதே, அது சரி என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில், அந்தரத்தில் ஆடும். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் தலையாட்டியதை நம்பிப் பத்திரிகை அடித்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஜெரால்ட் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். பக்கவாட்டில்தான் ஆடுகிறது போலிருந்தது.

'தப்பா? என்ன தப்பு?' ஊசியைக் கீழே வைத்தான். காயத்தை மறுபடி கழுவிப் பார்த்தான்.

"சரவணன், விரல மடக்குங்க."

சரவணன் மடக்கினான். மற்ற விரல்கள் மடங்கின. வெட்டுப்பட்ட விரலின் நுனி மட்டும் விறைத்து நின்றது.

"அய்யோ, தசைநார் அறுந்திருக்கு! மேலாப்புல தச்சிருந்தா இந்த விரல் ஜென்மத்துக்கும் மடங்காது." அவன் கட்டுப் போட்டு, விரலுக்குச் சட்டம் வைத்து, காலையில் அறுவை சிகிச்சை டாக்டருக்குச் சொல்லிவைக்கச் சொன்னான். திரும்பிப் பார்த்தான். தலை இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. இப்போது அது மேலும் கீழுமாக ஆடுவது போலவே பட்டது.

ஜெரால்டுக்குப் புல்லரித்தது. இத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, காயத்தைத் தொடாமல், கண்ணால் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாரே மனுஷர்!

அடுத்து வந்தாள் ஈஸ்வரி. காய்கறி வியாபாரம். நெஞ்சைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"ஒண்ணுமில்ல டாக்டர், கேஸு. மத்தியானம் பஜ்ஜி துண்ணேன். ஒரு கேஸ் ஊசி போட்டு உடு, நான் பாட்டுக்கு ஊட்டுக்குப் போறேன்."

"சரிம்மா," என்று ஜெரால்ட் எழுதப் போனான். பழக்கதோஷம், மூலையைப் பார்த்தான். பக்கவாட்டில்!

பேனா நின்றது. "இருங்கம்மா. படுங்க. ஒரு ஈசிஜி எடுத்துடலாம்."

"பஜ்ஜிக்கு எதுக்குய்யா ஈசிஜி?"

தாளில் கோடுகள் வந்தபோது கிரேஸின் கண் விரிந்தது. மாரடைப்பு! பஜ்ஜியின் மேல் பழியைப் போட்டுவிட்டு அந்தம்மாள் வீட்டுக்கு நடந்து போயிருந்தால், நடு வழியில் போயே போயிருப்பாள். ஜெரால்ட் மாத்திரைகளை மென்று விழுங்கக் கொடுத்தான், சென்னையில் இதய டாக்டரைத் தொலைபேசியில் பிடித்தான், மருத்துவமனையின் ஒரே ஆம்புலன்ஸில் ஈஸ்வரியை ஏற்றி அனுப்பினான்.

"பெரிய டாக்டர் மூலைல கீறாரே, அவராண்ட சொல்லு," என்று ஈஸ்வரி படுத்தபடியே சொன்னாள். "அவரு கண்ணப் பாத்ததுமே எனக்குப் பாதி சரியாயிடுச்சின்னு."

ஜெரால்ட் பெரியவர் பக்கத்தில் போய்க் கைகட்டி நின்றான். "சார், உங்கள மாதிரி ஒருத்தர நான் படிக்கிற காலத்துல பாத்திருந்தா..." என்று இழுத்தான்.

பெரியவர் நெகிழ்ந்துபோனார் போலும். மறுபடி வாயைத் திறந்தார்.

"வேணாம் சார்! கெட்டுடும்!"

பெரியவர் பெருமூச்சு விட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் போன சூட்டோடு டெலிபோன் அலறியது. கிரேஸ் எடுத்தாள். அவள் முகம் வெளுத்தது.

"டாக்டர், கவரப்பேட்ட கிட்ட கம்பெனி வேன் பள்ளத்துல கவுந்துடுச்சாம். எல்லாரையும் ஆட்டோல போட்டு இங்கதான் இட்டாந்துக்கினு கீறாங்களாம். நம்மகிட்ட இருந்த ஒரே ஆம்புலன்ஸும் இப்பதான் போச்சு!"

ஜெரால்டின் காதில் ரயில் ஓடியது. ஒரு வேன் முழுக்க ஆட்கள். அவன் ஒருத்தன்.  அவன் கை தானாகப் போய்ப் பையின் வாரைப் பிடித்தது.

"சிஸ்டர், நான்... நான் பாத்ரூம் போயிட்டு வரேன்."

 கிரேஸுக்கு இது நாலாவது தடவை. சும்மா அவனையே பார்த்தாள்.

பையோடு வாசலைத் தாண்டும்போது ஜெரால்ட் ஒரே ஒரு தடவை மூலையைத் திரும்பிப் பார்த்தான். பெரியவர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, அவனையே பார்த்தபடி, முன்னைக் காட்டிலும் பலமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். இல்லை, இல்லை, இல்லை.

ஜெரால்டுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவன் மனசில் இருந்ததைப் படித்துவிட்டார். பையைத் தொப்பென்று கீழே போட்டான்.

"பாத்ரூம் அப்புறம் பாத்துக்கலாம் சிஸ்டர். கட்டிலெல்லாம் இழுத்துப் போடுங்க."

ஆட்டோக்கள் வரிசையாக வந்து நின்றன. அழுகையும் கூச்சலுமாக இடம் ரெண்டுபட்டது. தூக்க ஆள் இல்லை. மேலே வார்டுகளில் இருக்கும் ஆட்களைக் கூப்பிட வேண்டும். எந்த அவசரத்துக்கு எந்த நிறத்தைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று ஓரியண்டேஷனில் சொல்லிக் கொடுத்த நிறங்கள் எல்லாம் ஜெரால்டின் தலைக்குள் சாயத் தண்ணீராகக் கலந்திருந்தன. வாயில் வந்த நிறத்தை மைக்கில் கத்தினான்.

"புளூ! புளூ! எல்லாரும் வாங்க, புளூ!"

மேலே இருந்து ஊழியர்கள் யாரும் இறங்கவில்லை. அதற்குப் பதிலாக, வார்டுகளில் நோயாளிகளுக்குத் துணைக்கு இருந்தவர்கள் அத்தனை பேரும் டிபன் பாக்ஸும் கையுமாகத் தடதடவென்று படியிறங்கி வாசலுக்கு ஓடினார்கள். அந்த ஏரியாவில் புளூ என்றால் ஒன்றுதான்: ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் நீல நிறக் கம்பெனி பஸ். அதை விட்டால் அரை நாள் சம்பளம் கட்.

"எங்கய்யா பஸ்ஸு? புளூ வந்துச்சின்னு மைக்குல சொன்னாங்களே!"

"பஸ்ஸு இல்லண்ணே!" என்று கத்தினாள் கிரேஸ். "ஆனா வந்தது வந்துட்டீங்க, ஆளுக்கொரு கை புடிங்க!"

பிடித்தார்கள். பஸ் பிடிக்க வந்தவர்கள் ஸ்ட்ரெச்சர் பிடித்தார்கள். மேலே வார்டிலிருந்து இரண்டு நர்ஸுகள் என்ன கலவரம் என்று பார்க்க வந்து அவர்களும் மாட்டிக்கொண்டார்கள். ஒருத்தர் ரத்தம் வழியும் நெற்றியை அழுத்திப் பிடித்தார். இன்னொருத்தர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து, அழுத பெண்ணொருத்திக்கு எலுமிச்சை சாதம் ஊட்டப் போய்க் கிரேஸிடம் திட்டு வாங்கினார். ஜெரால்ட் கட்டில் கட்டிலாக ஓடினான். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு கணம் மூலையைப் பார்த்தான். தலை ஆடும். உடனே நின்று, இன்னொரு தடவை யோசித்து, கை வைத்தான்.

கடைசியாக ஒரு வாட்டசாட்டமான இளைஞனைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாய்ந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று அடைத்து நுரையீரலை நசுக்கிக்கொண்டிருக்கிறது. ஊசியைச் செருகிக் காற்றை வெளியேற்ற வேண்டும். இப்போதே! தாமதித்தால் ஆள் இல்லை.

ஜெரால்ட் பெரிய ஊசியைப் பிரித்தான். இடது பக்கம் சிராய்ப்பாக இருந்தது. அங்கேதான் என்று ஊசியைக் கொண்டுபோனான். மூலையைப் பார்த்தான்.

பெரியவர் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் கண் இரண்டும் பிதுங்கின. தலை படபடவென்று ஆடியது. சந்தேகத்துக்கே இடமில்லை, பக்கவாட்டில்!

ஊசி அந்தரத்தில் நின்றது. தொங்கிக்கொண்டிருந்த அந்த அநாதை ஸ்டெதஸ்கோப்பை வெடுக்கென்று உருவி, ஜெரால்ட் இளைஞனின் நெஞ்சில் வைத்தான். இடது பக்கம் மூச்சு கேட்டது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

"வலது பக்கம்! கடவுளே, வலது பக்கம்!"

செருகினான். உஸ்ஸென்று காற்று வெளியேறிய சத்தம் அந்தக் கூச்சலிலும் எல்லாருக்கும் கேட்டது. இளைஞன் ஒரு நீண்ட மூச்சு இழுத்தான். உதட்டில் மெல்ல மெல்ல ரத்தம் ஊறியது. "அம்மா," என்றான்.

பஸ் பிடிக்க வந்தவர்கள் கை தட்டினார்கள். கிரேஸ் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜெரால்ட் மூலையைப் பார்த்தான். இத்தனை களேபரத்திலும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை! 'எழுந்துக்கலைன்னா சரியான வழியில போறேள்னு அர்த்தம்.' எப்பேர்ப்பட்ட நம்பிக்கை இருந்தால், ஓர் உயிர் ஊசி முனையில் ஊசலாடும்போது, நேற்று வந்த பையனை நம்பி ஒரு மனிதர் அசையாமல் உட்கார்ந்திருப்பார்! அவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த மாதிரி ஒருத்தர் காலடியில் இருந்து வேலை கற்றுக்கொள்ள முடியுமானால் ஆயுசுக்கும் ராத்திரி டூட்டியே பார்க்கலாம் என்று தோன்றியது.

விடிந்தது. வேனில் வந்த ஒருத்தருக்கும் உயிருக்குச் சேதம் இல்லை. சென்னையிலிருந்து ஈஸ்வரி பிழைத்துக்கொண்டாள் என்று தகவல் வந்தது. கண் திறந்ததும் பஜ்ஜிக் கடைக்காரனை மன்னித்துவிட்டாளாம். நெஞ்சில் குழாயோடு அந்த இளைஞன் நிம்மதியாகக் குறட்டை விட்டான்.

ஜெரால்ட் லாக்கரைத் திறந்து போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். அவள் நீல பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது.

"எங்கடா கீற? ஸ்டேஷன்லயா?"

"ஆஸ்பத்திரிலம்மா. ஓடலம்மா."

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "நாஷ்டா துண்ணியா?" என்றாள் மெர்சி.

போனை வைக்கும்போது, தானே அதைப் பூட்டிவைத்ததை மறந்து அலர்மேல்மங்கை மேடம் ராத்திரியே அனுப்பிய செய்தி ஒன்று தெரிந்தது. 'நாராயண்' என்று ஆரம்பித்திருந்தது. அவரைப் பற்றிப் பெருமையாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படித்துக்கொள்ளலாம் என்று போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு தரையில் கிடந்த தன் பையை எடுத்து, டாக்டர்கள் தங்கும் அறைக்குப் போய், துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினான். வாசலில் நின்று அதைப் பார்த்த கிரேஸ் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பெரியவரு இன்னும் அங்கயே ஒக்காந்துக்கினு கீறாரு டாக்டர். போய் ஒரு வார்த்த சொல்லுங்க. பாவம், ராப்பூரா கண்ணே மூடல."

ஜெரால்ட் ஓடினான். காலை வெயில் விழுந்த அந்த மூலையில், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். தலை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஜெரால்ட் குனிந்து அவர் காலைத் தொட்டான். அவர் அதிர்ந்து காலை இழுத்துக்கொண்டார்.

"சார், நான் ஓடப் போறவன். நீங்கதான் நிறுத்தினீங்க. விரல், பஜ்ஜி, அந்தப் பையனோட நெஞ்சு, எல்லாமே நீங்கதான் சார்," என்றான். "டூட்டி முடிஞ்சிடுச்சு. இப்ப நீங்க பேசலாம். என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

பெரியவர் நம்பமாட்டாமல் ஒரு தடவை கிரேஸைப் பார்த்தார், ஒரு தடவை ஜெரால்டைப் பார்த்தார், பிறகு மஞ்சள் பையோடு எழுந்து நின்றார்.

"பேசலாங்களா டாக்டர்? அப்பாடா! 'பார்வையாளர்'னு போட்டுகீதே, டாக்டரப் பாக்க வந்தவங்க சேருன்னு ஒக்காந்தேன், எனக்கு மேல அவசரமா எல்லாரும் வந்துக்கினே இருந்தாங்க... வேற ஒண்ணுமில்ல டாக்டர், ரெண்டு நாளா எனக்கு இந்தத் தல தானா ஆடிக்கினே கீது, இன்னான்னு கொஞ்சம் பாருங்களேன்."